அம்மா ஊற்றிய தண்ணீர்

எங்கள் அம்மாவின் முதலாம் ஆண்டுப் பூசைக்கு வந்து, இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகள் எழுதுவது. அம்மா இருந்திருந்தால் இதை எழுத விட்டிருக்க மாட்டார். "என்னைப் பத்தி எழுத என்ன இருக்கு? அந்தக் காகிதத்துல முறுக்காவது மடிச்சுக் குடுக்கலாம்" என்று சொல்லியிருப்பார். அப்படிச் சொல்ல அவர் இல்லாத துணிச்சலில்தான் எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது நாகப்பட்டினத்தில். அவருடைய தகப்பனார் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கூலியாட்களுக்குக் கங்காணி. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் அம்மா நாலெழுத்துப் படித்தார். படித்ததைவிட அதிகமாகப் பேசினார் என்று கூடப் படித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்த எங்கள் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டார். கலியாணமான கையோடு அப்பாவுக்கு ஹவுராவில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. புறப்படுமுன் இருவரும் வேளாங்கண்ணிக்குப் போனார்கள். நிறையச் சம்பாதித்து ஊர் திரும்ப வேண்டும் என்று அப்பா நேர்ந்துகொண்டார். அம்மா, "போற எடத்துலயும் கூட இருந்துக்க தாயே, அது போதும்" என்றாராம். தன் வேண்டுதல் பாதிகூடப் பலிக்கவில்லை, அம்மாவுடையது முழுக்கப் பலித்தது என்று அப்பா பின்னாளில் அடிக்கடி சொல்லிச் சிரிப்பார்.

ஹவுராவில் பட்டறைக்குப் பின்னால் வரிசை வீடுகள். எங்களுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் ஒரு வங்காளிக் குடும்பம். கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தவர், அவருடைய தாயார், அவருடைய இளம் மனைவி. அந்த மனைவியை அம்மா அக்கா முறையில் "திதி" என்று கூப்பிட்டார். பிற்பாடு பிறந்த நானும் தம்பியும் பெரியம்மா முறையில் "மாஷிமா" என்போம். அம்மாவுக்கு வங்காளம் தெரியாது, மாஷிமாவுக்குத் தமிழ் தெரியாது. அதனால் பேச்சு நின்றதென்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இருவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், இருவருக்கும் எல்லாம் விளங்கிவிடும்.

வெள்ளிக்கிழமை சுத்தபோசனத்தன்று மாஷிமா ஆசையாக மீன் குழம்பு கொடுத்தனுப்புவார். மாம்சம்தானே விலக்கு, மீனைச் சாப்பிடலாம் என்று அப்பா நியாயம் பேசுவார். "நம்ம ஊருன்னா சரிங்க. இந்த ஊர்ல மீனை விட்டாத்தான் அது தபசு" என்று அம்மா கிண்ணத்தை மூடி வைத்துவிடுவார். அப்பாவின் முகம் தொங்கிப்போகும். அம்மாவின் பக்தி கண்ணை மூடிக்கொண்டு செய்கிற பக்தி அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். எதையும் யோசித்துத்தான் செய்வார், செய்த பிறகு அசைய மாட்டார்.

அப்படிப்பட்டவரையே அசைத்துப்பார்த்த ஒரு காரியம் நடந்தது. அது என் அக்காவின் பிறப்பு. நான் பிறக்குமுன் நடந்தது. அப்பாவும் அம்மாவும் மாஷிமாவும் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். மூவர் பேச்சும் ஒத்துப்போகிற இடங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அது மழைக்காலம், அம்மாவுக்குத் தலைப்பிரசவம். விடிந்து வெகுநேரமாகியும் குழந்தை பிறக்கவில்லை. மருத்துவச்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்பா சாமியாரை அழைத்துவர ஓடினார். எங்கள் பங்குச் சாமியார் அன்று ஏதோ அலுவலாக அக்கரையில், கல்கத்தாவில் இருந்தார். அந்நாளில் ஆற்றின்மேல் இருந்தது மிதவைப் பாலம். கப்பல் போக வேண்டுமானால் நடுப்பகுதியைப் பிரித்துவிடுவார்கள். மறுபடி சேர்க்கும்வரை மனிதர்கள் காத்துக்கிடக்க வேண்டியதுதான். அப்பா போகும்போது பாலம் சேர்ந்திருந்தது. சாமியாரோடு திரும்பும்போது பிரித்துவிட்டிருந்தார்கள். காற்றும் மழையுமாக இருந்ததால் படகுக்காரர்களும் வர மறுத்துவிட்டார்கள்.

இங்கே குழந்தை பிறந்துவிட்டது. பெண். அழவில்லை. மருத்துவச்சி தட்டித் தடவிப் பார்த்ததில் பூனைக்குட்டி போல ஒரு முனகல் மட்டும் வந்தது. "இது தங்காது" என்று அவள் இந்துஸ்தானியில் சொன்னாள். அந்தப் பாஷை தெரியாத அம்மாவுக்கு அது மட்டும் விளங்கிவிட்டது.

சாகக்கிடக்கும் குழந்தைக்கு, சாமியார் இல்லாத இடத்தில், யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று நாமெல்லோரும் சிறுவயதில் படித்திருக்கிறோம். அதற்குத் தண்ணீர் வேண்டும், பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்துவின் பெயரைச் சொல்ல வேண்டும். அம்மா கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். வீட்டில் இருந்த தண்ணீரெல்லாம் பிரசவத்துக்கே செலவாகியிருந்தது. தெருக்குழாயில் இனிச் சாயங்காலம்தான் வரும். "திதி! ஜொல்! ஜொல்!" என்று அம்மா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது என்பார் மாஷிமா.

மாஷிமா வீட்டிலும் குடங்கள் காலி. அவர் ஒரு நொடி நின்று யோசித்திருக்கிறார். பிறகு பூசை அறைக்குள் போய் அங்கிருந்த செப்புச் செம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். பிள்ளை பெற்ற அறை அவர்களுக்குத் தீட்டு. பூசைச் செம்போடு மருமகள் அதற்குள் நுழைவதைப் பார்த்து மாமியார் வாசலில் நின்று கத்தினார். மாஷிமா திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா அந்தச் செம்பை வாங்கி, மூன்று தரம் குழந்தையின் தலையில் ஊற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, தேவமாதாவின் பெயரையே வைத்தார். அக்கா மத்தியானம்வரை அம்மாவின் மடியில் இருந்து, பிறகு மூச்சை விட்டாள்.

பாலம் சேர்ந்து, அப்பாவும் சாமியாரும் வருவதற்குள் ஹவுராவிலிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் பலர் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு ஞாயிறுதோறும் தமிழில் செபம் சொல்லிக்கொடுத்த உபதேசியாரும் வந்தார். நல்ல மனிதர், ஆனால் கண் கூர்மை. குழந்தையின் தலைமயிரில் ஒட்டியிருந்த ஒரு துளசி இலையைப் பார்த்துவிட்டார்.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. மாஷிமாவைப் பார்த்தார். மாஷிமா, தான் செய்த பெரிய உதவியைச் சொல்கிற சந்தோஷத்தில், "கொங்காஜொல்" என்றார். வீட்டிலேயே உயர்ந்த தண்ணீரைத்தானே கொடுத்தார்!

"கங்கைத் தண்ணியா! அஞ்ஞானிங்க பூசையில வச்ச தண்ணியிலயா ஞானஸ்நானம் குடுத்தே?" என்று உபதேசியார் தலையில் கைவைத்துக்கொண்டார். "இது செல்லாதும்மா. செல்லவே செல்லாது."

செல்லாது என்றால் மந்திரித்த கல்லறைத் தோட்டத்தில் அக்காவுக்கு இடம் கிடையாது, சுவருக்கு வெளியேதான் புதைக்க வேண்டும். அம்மாவுக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. தன் பிள்ளை சேசுநாதரின் முகத்தைப் பார்க்குமா, பார்க்காதா என்பதுதான் அவருக்கு உயிர் போகிற கேள்வி. ஞானஸ்நானம் இல்லாத குழந்தைகள் அவர் முகத்தைக் காணாத ஓரிடத்துக்குப் போவதாக அந்நாளில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அம்மா உயிரற்ற குழந்தையை இறுகப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

சாமியார் நனைந்த அங்கியோடு உள்ளே வந்தார். ஐரோப்பியர். வங்காளம் நன்றாகப் பேசுவார், தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. அம்மா என்ன சொல்லி ஊற்றினார் என்று கேட்டார். அப்பா கேட்டு, வங்காளத்தில் திருப்பிச் சொன்னார். பிறகு சாமியார் மாஷிமாவிடம் திரும்பி, செம்பில் பாலோ சந்தனமோ கலந்திருந்ததா என்று விசாரித்தார். இல்லை, துளசி மட்டும்தான் என்று மாஷிமா அழுதுகொண்டே சொன்னார். அதற்குள் அவருக்கு, தான் ஏதோ கெடுதல் செய்துவிட்டோம் என்று தோன்றிவிட்டது. சாமியார் செம்பை வாங்கினார். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. முகர்ந்து பார்த்தார். பிறகு எல்லோரும் பார்த்திருக்க, அதை வாயில் விட்டு விழுங்கினார்.

"ஜொல்" என்றார்.

அப்பாவின் தோளில் கைவைத்து, குழந்தைக்கு வெள்ளை உடுப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் அடக்கம். ஞானஸ்நானம் பெற்ற பச்சைக்குழந்தைக்குக் கறுப்பு உடுப்பும் துக்கப் பாட்டும் கிடையாது. சாமியார் வெள்ளை உடுத்தி வந்தார், அக்காவின் தலையில் மல்லிகையால் ஒரு கிரீடம் வைத்தார்கள். மாஷிமா கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே நின்றிருந்தார். அவருக்கு வீட்டில் பட்டினி போட்டுப் பிராயச்சித்தம் செய்வித்தார்கள். அந்தச் செம்பை மாமியார் ஆற்றில் எறிந்துவிட்டாராம். இரண்டு மதத்தாரும் ஒத்த கருத்தாக ஒரு செம்பை விலக்கிவைத்தது அதுவரை ஹவுரா காணாத அதிசயம் என்பார் அப்பா.

அடக்கம் முடிந்தாலும் வாய்கள் அடங்கவில்லை. சாமியார் மனமிரங்கிச் சொல்லியிருப்பார் என்றார்கள் சிலர். தாய்க்கு ஆறுதலாக இருக்கட்டுமென்று குடித்துக்காட்டினார் என்றார்கள் வேறு சிலர். இது அம்மாவின் காதில் விழுந்து தைத்துவிட்டது. "நெசமாச் சொன்னாரா, எரக்கப்பட்டுச் சொன்னாரா? ஒண்ணும் தெரியலைங்களே" என்று அப்பாவைப் போட்டு அரித்தெடுத்தார். அப்பாவால் முடிந்தது, தினமும் காலைப் பூசைக்கு அவரைக் கோவிலில் விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போவதுதான். அம்மா பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் முழங்காலில் நிற்பார். செபமாலை கையில் இருக்கும், செபம் வாயில் வராது.

ஒருநாள் சற்று முன்னதாகப் போய்விட்டார். கோவில் காவல்காரர் முற்றத்துக் குழாயில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா அதைப் பார்த்தபடியே உள்ளே போனார். பூசையில் காணிக்கை நேரம் வந்தது. அந்தக் குப்பி பீடத்துக்குப் போனது. சாமியார் பாத்திரத்தில், பூசையில் சேசுநாதரின் இரத்தமாகிற திராட்ச இரசத்தை ஊற்றி, அந்தத் தண்ணீரில் ஒரு துளியை அதில் விட்டார். பிறந்தது முதல் அம்மா பார்த்துவந்த காரியம்தான். அன்றுதான் கண்ணில் பட்டது.

சாயங்காலம் அப்பா வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஏங்க, கோவில் கொழாயில வர்ற தண்ணி எங்கேருந்து வருது?"

"எங்கேருந்து வரும்? மேல ஆத்துலருந்துதான். சுத்தம் பண்ணிக் கொழாயில விடுறான்."

"இதே கங்கை ஆறா?"

"வேற எந்த ஆறு இருக்கு இங்கே?"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாராம். அக்கா போன பிறகு முதல் தடவையாக வாய்விட்டு அழுதது அன்றுதான் என்றார் அப்பா. "அந்தத் தண்ணிய சேசுநாதரு தன்னோட ரத்தத்துல சேத்துக்கிறாருங்க, தெனமும் சேத்துக்கிறாரு. எம்புள்ளைய மட்டும் தள்ளிருவாரா?" என்று சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறார். எனக்குத் தெரிந்து அம்மாவின் விசுவாசத்துக்கு மறுபிறப்பு அந்த நாள். அதற்குப் பிறகு அக்காவைப் பற்றி அவர் ஒருபோதும் பயந்து பேசி நான் கேட்டதில்லை.

அதன் பிறகு அம்மா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். அதனால் கெட்ட பெயரும் வாங்கினார். கல்லறைத் திருநாளன்று தம் தாய்தகப்பன், அப்பா வீட்டுப் பெரியவர்கள் எல்லோருக்காகவும் மெழுகுதிரி கொளுத்துவார். அக்காவின் இடத்தில் மட்டும் கொளுத்த மாட்டார். "பெத்த புள்ளைக்கு ஒரு திரி கொளுத்த மனசில்லாத கல்நெஞ்சுக்காரி" என்று எங்கள் அத்தையே நாகையிலிருந்து வந்திருந்தபோது முகத்துக்கு நேராகச் சொன்னார். "இன்னும் மோட்சம் போய்ச் சேராதவங்களுக்காகத்தான் அண்ணி வேண்டிக்கணும். மோட்சத்துல இருக்கறவகிட்ட நம்மதான் கேட்டு வாங்கணும்" என்றார் அம்மா. கங்கைத் தண்ணீரைப் பற்றி அத்தை இழுத்தபோது, "சேசுநாதர் யோர்தான்ல எறங்கினாரே, அந்த ஆத்தை யாரு மந்திரிச்சுக் குடுத்தா?" என்று கேட்டார். அத்தை அதற்குப் பிறகு ஊருக்குப் போகும்வரை தண்ணீர்ப் பேச்சே எடுக்கவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் மோட்சத்திலிருக்கும் சகல அர்ச்சியசிஷ்டவர்களின் திருநாள் அல்லவா? அதுதான் எங்கள் வீட்டில் அக்காவின் திருநாள். அம்மா பாயசம் வைப்பார். முதல் கிண்ணம் சுவருக்கு அந்தப் பக்கம், மாஷிமாவுக்குப் போகும்.

அம்மாவுக்குப் பதில் தெரியாத இடமும் ஒன்று உண்டு. எங்கள் வரிசையிலேயே இருந்த ஒரு திண்டுக்கல் பெண்ணுக்குக் குழந்தை செத்தே பிறந்தது. ஞானஸ்நானம் கொடுக்க நேரமே இல்லை. அவர் ஒருநாள் வந்து, "ஒங்க புள்ளைக்காவது தண்ணி கெடைச்சுச்சு அக்கா. எம்புள்ளைக்கு?" என்று கேட்டார். அப்போது நான் வீட்டில் இருந்தேன். கான்வெண்டில் படித்துக்கொண்டிருந்த நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார், மூடிக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார் அம்மா. "தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன். ஆனா சேசுநாதரை எனக்குத் தெரியும். புள்ளைங்களைக் கிட்ட விடாதேன்னு சொன்னவங்களை அதட்டினவரு அவரு. வா, பூசைக்குப் போவோம்."

அந்தப் பெண்ணும் அம்மாவும் பல மாதம் ஒன்றாகவே காலைப் பூசைக்குப் போனார்கள். அடுத்த திருநாளுக்குப் பாயசத்தில் இன்னொரு கிண்ணம் கூடியது. அதை அம்மாவே அந்தப் பெண்ணின் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அப்பாவின் வலக்கை பட்டறையில் நசுங்கியபோதும், வேலை போய் வீடு ஆட்டங்கண்டபோதும் அம்மா இந்த நம்பிக்கையை வைத்துத்தான் எங்களைத் தாங்கினார். கன்னியாஸ்திரி மடத்துக்குத் துணி தைத்தார், தமிழ் வீடுகளுக்குப் பலகாரம் செய்து கொடுத்தார். இன்று நான் கல்கத்தாவில், பாலிகஞ்சில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை, தம்பி பெஹாலாவில் குடும்பத்தோடு இருக்கிறான். அப்பா இறந்தபோது கலங்கி நின்ற எங்களைப் பார்த்து அம்மா, "அழுங்க, வேணாங்கலை. ஆனா பயந்து அழாதீங்க" என்றார். எங்களுக்கு இன்றைக்கும் அது பிடிமானமாக இருக்கிறது.

சென்ற ஆண்டு தவசுகாலத்தில் அம்மா படுத்தார். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஹவுரா வீட்டை விட்டு வர மாட்டேன் என்றதால் நானும் தம்பியும் அங்கேயே போய் இருந்தோம். கடைசி நாள் காலை சாமியார் வந்து அவஸ்தைபூசுதல் கொடுத்து, சேசுநாதரின் சரீரமான நன்மை அப்பமும் கொடுத்தார். நாக்கு உலர்ந்திருந்ததால் விழுங்க அம்மாவால் முடியவில்லை. ஒரு வாய் தண்ணீர் வேண்டும். நான் எழுந்தபோது வாசலில் மாஷிமா நின்றிருந்தார். வெள்ளைப் புடவை, நரைத்த தலை, கையில் ஒரு செப்புச் செம்பு. சாகும் வாயில் கங்கை ஜலம் விடுவது அவர்கள் வழக்கம். ஆனால் அந்தப் பழைய நாளுக்குப் பிறகு அவர் அந்த ஜலத்தோடு எங்கள் வாசற்படியை மிதித்ததே இல்லை. உள்ளே வராமல் என்னைப் பார்த்து, "கொடுக்கலாமா, மா?" என்று வங்காளத்தில் கேட்டார். அத்தனை வருஷமும் அவர் நெஞ்சில் அந்த உறுத்தல் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் சாமியாரைப் பார்த்தேன். அவர் பதில் சொல்லுமுன் அம்மா கண்ணைத் திறந்துவிட்டார்.

"குடு திதி" என்றார். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது, ஆனால் முகத்தில் அந்தப் பழைய கிண்டல் இருந்தது. "அன்னிக்கு எம்மவ தலையில ஊத்துன தண்ணிதானே. எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு நாளாக்கினே?"

மாஷிமாவுக்குத் தமிழ் தெரியாது என்று முன்பே எழுதியிருக்கிறேன். ஆனால் அது முழுக்க விளங்கிற்று. உள்ளே வந்து, அம்மாவின் தலையை மடியில் வைத்து, உதட்டில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். அம்மா தம் ஆண்டவரை அந்தத் தண்ணீரோடு விழுங்கினார். அதற்குப் பிறகு அவர் வேறெதுவும் சாப்பிடவில்லை. மத்தியானம் எங்கள் சேசு மரி சூசை என்ற செபத்துக்கு நடுவே போய்விட்டார்.

அம்மாவின் நோயில் உடனிருந்த அண்டை வீட்டாருக்கும், சுமந்துபோன பட்டறைத் தோழர்களுக்கும், தமிழில் செபம் சொன்ன திண்டுக்கல் சித்திக்கும், எங்கள் பங்குச் சாமியாருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். மாஷிமாவுக்கு நன்றி சொல்ல முயன்றேன். வாயைப் பொத்திவிட்டார்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பூசை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். அம்மாவுக்காக மெழுகுதிரி கொளுத்துங்கள், அவருடைய ஆத்துமத்துக்காக மனதார வேண்டிக்கொள்ளுங்கள். சுவரோரம், உள்பக்கமாக, ஒரு சிறிய சிலுவை இருக்கும். அங்கே யாரும் திரி கொளுத்த வேண்டாம். உங்களுக்கு என்ன வேண்டுமோ, அதை அக்காவிடம் கேளுங்கள். இப்போது அம்மாவும் அவள் பக்கத்தில்தான் இருக்கிறார்.